ஈடு வைத்த வீடும் மறைத்து வைத்த கடிதமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



கலீபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் ஜுஹைனா கோத்திரத்தைச் சேர்ந்த உஸைபிஃ என்றொருவர் இருந்தார். ஹஜ்ஜுக்குப் போவோர் அனைவருக்கும் முன்னதாகத் தாம் போய்ச் சேர வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்காக நல்ல ஒட்டகங்களை அதிக விலைக்குக் கடனாக வாங்குவார், விரைந்து செல்வார், ஹாஜிகளை முந்தியவர் என்று மக்கள் பேசக் கேட்டு மகிழ்வார். கடன் பெருகியது, கொடுக்க வழியில்லாமற் போயிற்று. விடயம் உமர் (ரழி) அவர்களிடம் வந்தபோது அவர்கள் மக்கள் முன்னிலையில் எழுந்து நின்று, இம்மனிதரிடம் யாருக்குக் கடன் வர வேண்டியுள்ளதோ அவர்கள் மறுநாட் காலையில் வரட்டும், இவருடைய சொத்தைப் பங்கிட்டுக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். கடனைக் குறித்து எச்சரிக்கவும் செய்தார்கள். அது கவலையில் ஆரம்பித்துச் சண்டையில் முடியும் என்பது அவ்வெச்சரிக்கையின் கருத்து. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

இன்றைய மொழியிற் சொல்வதானால் உமர் (ரழி) அவர்கள் செய்தது ஒரு பகிரங்க அறிவித்தல். அதில் இரண்டு விடயங்கள் உள்ளன. கடன் கொடுத்தவனின் உரிமை அங்கே ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. அதேவேளை, அவ்வுரிமை இரகசியமாக அன்றி எல்லோரும் அறிய, ஒரு நாளும் நேரமும் குறிக்கப்பட்டு நிறைவேற்றப்படுகின்றது.

இப்போது நமது சுன்னாகத்துக்கு வருவோம். நாளிதழ்களைப் புரட்டும் எவரும் அவ்விளம்பரங்களைக் கண்டிருப்பர். ஒரு வங்கியின் பெயர், பணிப்பாளர் சபையின் தீர்மானம், கடன் பெற்றவரின் பெயர், அதன் கீழே காணியின் விபரம்: இத்தனை பரப்பு, வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை, கிணற்றிற் பங்கு, வழிவாய்க்காற் பங்கு. நிலத்தடி நீரையே நம்பி வாழும் நமது பிரதேசத்தில் கிணற்றுப் பங்கு ஏலத்துக்கு வருவதென்றால் அதன் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவ்விளம்பரத்தைக் கண்டு அயலவர் கவலைப்படுவர், சிலர் கதை பேசுவர். ஆனால் அநேக வீடுகளில் அந்த விளம்பரத்தைப் பார்த்த பின்னர்தான் மனைவிக்கும் மக்களுக்கும் செய்தி தெரிய வருகின்றது. அதற்கு முன் வந்த கடிதங்கள் அலுமாரியில் சேலைகளுக்கடியிலோ கடை மேசையின் இலாச்சியிலோ உடைக்கப்படாமலே கிடந்திருக்கும். வாப்பா பிள்ளைகளுக்குச் சொல்ல வெட்கப்பட்டார். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மகனோ மாதாமாதம் தவணை கட்டப்படுவதாகவே நம்பியிருந்தான். சில வீடுகளில் இது தலைகீழாகவும் நடக்கின்றது. மகன் வியாபாரத்துக்காகக் கடன் பெற்றிருப்பான். கடிதம் வரும்போது அதைப் பெற்றோர் கண்ணிற் படாமல் எடுத்துக்கொள்வான்.

இந்தக் கடிதம் யாருக்காக எழுதப்படுகின்றது? அநேகர் இதை ஓர் அவமானமாகவோ மிரட்டலாகவோ கருதுகின்றனர். அப்படியன்று. அது சட்டம் கடனாளிக்குக் கொடுத்திருக்கும் ஒரு பாதுகாப்பு. நான் சட்டத்தரணியல்லன், ஆயினும் பள்ளிக்கு வருவோர் அறிந்திருக்க வேண்டிய அளவைச் சொல்வது கடமையென்று கருதுகிறேன்.

நமது நாட்டில் காணியை ஈடு வைத்தவன் அக்காணியின் சொந்தக்காரனாகவே இருக்கின்றான். ஈட்டு உறுதி எழுதியதனால் காணி கடன் கொடுத்தவனுக்குப் போய்விடுவதில்லை. தன் கடனை அதிலிருந்து அறவிடும் உரிமை மாத்திரமே அவனுக்குக் கிடைக்கின்றது. 1949 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி அதற்கு அவன் மாவட்ட நீதிமன்றம் செல்ல வேண்டும். ஆனால் வங்கிகளுக்கு வேறொரு வழியும் உண்டு. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க, வங்கிகள் கடன்களை அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழக்கின்றியே ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்க அவற்றுக்கு அதிகாரமளித்தது. இதைத்தான் மக்கள் பராட்டே சட்டம் என்கின்றனர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் இவ்வகை அதிகாரம் அவற்றின் சொந்தச் சட்டங்களிலேயே உண்டு.

நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் விற்பனை என்பதனாற்றான் அறிவித்தல்களைச் சட்டம் கண்டிப்பாக்கியது. பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்தால் அது வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலான நாளிதழ்களிலும் வெளிவர வேண்டும்; கடனாளிக்கும் அனுப்பப்பட வேண்டும். பின்னர் விற்பனையின் நாள், நேரம், இடம் ஆகியன குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் வர்த்தமானியில் வெளியிடப்பட வேண்டும். அதன் பிரதி கடனாளிக்குப் போக வேண்டும். காணியிலோ அதன் அருகிலோ ஒட்டப்பட வேண்டும். அந்நாளுக்கு முன் நிலுவையும் செலவும் செலுத்தப்பட்டால் விற்பனை நடவாது. விற்பனை நடந்து, கடனும் செலவும் போக மிஞ்சினால் மிச்சம் காணிக்காரருக்குரியது. ஆனால் வங்கி விற்பனைச் சான்றிதழைக் கையொப்பமிட்டு வாங்கியவரிடம் கொடுத்துவிட்டால், அதன் பின் நீதிமன்றத்தில் நின்று வாதிடுவதற்கு மிகக் குறைந்த இடமே எஞ்சும். ஆகவே கடிதத்திலிருந்து ஏலம் வரையுள்ள நாட்களே உங்களுடைய நாட்கள். அவற்றை அலுமாரிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு விடயங்களையும் அறிந்துகொள்ளுங்கள். 2011 ஆம் ஆண்டின் திருத்தமொன்று, முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களை இந்தப் பராட்டே வழியிலிருந்து விலக்கியது. நமது ஊர்க் கடன்களிற் பெரும்பாலானவை அவ்வளவுக்குட்பட்டவையே. அதனால் வீடு தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே 1990 இன் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கி நீதிமன்றம் செல்லலாம். அங்கே நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்து முதலில் ஒரு தற்காலிகக் கட்டளையை வழங்கும். கடனாளி குறித்த நாளிற் தோன்றிக் காரணங் காட்ட அனுமதி பெறாவிட்டால் அதுவே இறுதித் தீர்ப்பாகிவிடும். அங்கும் கடிதத்தைத் திறவாதவனே தோற்கின்றான். மற்றையது, பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சிறிய, நடுத்தர வர்த்தகர்களின் வேண்டுகோளினால் 2024 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் பராட்டே விற்பனைகளைச் சில காலம் இடைநிறுத்தியது. அப்போது பலர் கடனே நீங்கிவிட்டதாக எண்ணி வங்கிப் பக்கம் போகாமலிருந்தனர். இடைநிறுத்தம் வேறு, தள்ளுபடி வேறு.

சரி, மார்க்கம் என்ன சொல்கின்றது? நபி (ஸல்) அவர்களே தமது போர்க்கவசத்தை மதீனாவிலிருந்த ஒரு யூதரிடம் ஈடு வைத்துக் குடும்பத்துக்காக வாற்கோதுமை பெற்றார்கள். அன்னார் வபாத்தாகும்போதும் அக்கவசம் ஈட்டிலேயே இருந்தது என்பது ஸஹீஹான செய்தி. ஆகவே ஈடு வைப்பது இழிவன்று. ஸூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கின்றது. 283 ஆம் வசனம் ஈட்டைப் பற்றிப் பேசுகின்றது. அவற்றுக்குச் சற்று முன்னே 280 ஆம் வசனம், கடனாளி கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது அதனினும் மேலென்றும் கூறுகின்றது.

ஆனால் இங்கே நம் மக்களிற் பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கடனாளியின் குடியிருப்பு வீட்டைத் தொடக் கூடாதென்று மார்க்கம் சொல்வதாகச் சிலர் நம்புகின்றனர். நமது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து அதுவன்று. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜைப் பாருங்கள். வங்குரோத்தாகிவிட்டவரின் வீடும்கூடக் கடனுக்காக விற்கப்படும். அவருக்குத் தகுந்த உடுப்பு விட்டுவைக்கப்படும். கடன் கொடுத்தவனின் உரிமையை நம் இமாம்கள் அவ்வளவு பாரதூரமாகக் கருதினார்கள். வங்கி ஏலம் போடுவதனாலேயே அது அநியாயம் செய்கின்றது என்று கூறிவிட முடியாது.

எனினும் அதே இமாம்கள் அவ்வுரிமைக்கு எல்லையும் போட்டார்கள். தவணை தவறியதனால் ஈட்டுப் பொருள் கடன் கொடுத்தவனுக்குச் சொந்தமாகிவிடாது என்பது நபிமொழி. (கிறிஸ்தவ உரோமைச் சக்கரவர்த்தி கொன்ஸ்தாந்தீனும் 4 ஆம் நூற்றாண்டில் இதே வகை நிபந்தனையைத் தடை செய்தார். நமது நாட்டுக் காணிச் சட்டத்தின் அடியிலுள்ள உரோம ஒல்லாந்தச் சட்டம் அத்தடையை இன்றும் சுமந்து நிற்கின்றது.) கடன் கொடுத்தவன் தானாகவே விற்கவும் முடியாது, கடனாளி அல்லது காழி அனுமதிக்க வேண்டும். கடனாளி அனுமதித்தாலும், கடன் கொடுத்தவன் அவருக்கு முன்னிலையில் விற்றாலே அது செல்லும், அவரில்லாத இடத்தில் விற்றால் செல்லாது என்பது மத்ஹபின் ஏற்றமான கருத்து. காரணம் என்ன? விற்பவன் தன் பணம் சீக்கிரம் கைக்கு வந்தாற் போதுமென்று அவசரப்படுவான். விலை குறைந்தாலும் கவலைப்பட மாட்டான் என்ற சந்தேகம். அதனால் கடனாளியின் கண் அங்கே இருக்க வேண்டும் என்றார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். விற்பனை காணிக்காரரின் முதுகுக்குப் பின்னால் நடக்கக் கூடாது என்பதற்காக நம் இமாம்கள் இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் சொல்லியிருக்கும்போது, நாமே வந்த கடிதத்தை மறைத்து, மனைவி மக்களின் முதுகுக்குப் பின்னால் அவ்விற்பனை நடக்க இடமளிக்கின்றோம்.

கடிதத்தைத் திறந்தபின் செய்ய வேண்டியது என்ன? கஃபு இப்னு மாலிக் (ரழி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரழி) என்ற தோழர் கடன் கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளிவாசலிலேயே இருவரும் வாய்த்தர்க்கப்பட்டுக் குரல் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, கஃபை அழைத்து, பாதியைத் தள்ளிவிடுமாறு கையாற் சைகை செய்தார்கள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். பின் கடனாளியைப் பார்த்து, எழுந்துபோய் மீதியைக் கொடுங்கள் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள சம்பவம் இது. கடன் கொடுத்தவரிடம் விட்டுக்கொடுப்பு கேட்கப்பட்டது. கடனாளிக்கோ தாமதமின்றிக் கொடுக்கக் கட்டளையிடப்பட்டது. இரண்டும் ஒரே சபையில், ஒரே மூச்சில்.

வங்கி கஃபு (ரழி) அல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆயினும் ஏலம் போடுவது வங்கிக்கும் செலவு. கேட்பாரில்லாத காணியைத் தன் கணக்கில் வைத்திருக்க அதுவும் விரும்பாது. தவணையை நீட்டுதல், தண்ட வட்டியைக் குறைத்தல், காணியின் ஒரு பகுதியை நீங்களே நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைக்க இடமளித்தல் முதலியவற்றுக்குக் கிளை முகாமையாளர்கள் பெரும்பாலும் செவிசாய்ப்பர். ஏலத்திற் போகும் விலைக்கும் நீங்களாகத் தேடும் கொள்வனவாளர் தரும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சந்தை வியாபாரிகளுக்கு நான் கற்பிக்கத் தேவையில்லை. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கடனுறுதி, கட்டிய பற்றுச்சீட்டுகள், வருமான விபரம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற எழுத்து, இவற்றோடு போங்கள். கடிதம் புரியாத மொழியில் வந்திருந்தால் தமிழிற் கேளுங்கள். பேசித் தீர்த்ததை எழுத்திற் பெறுங்கள். எழுதிக்கொள்வது அருள்மறையின் கட்டளை.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வங்கிக் கடன் வட்டி, வட்டி ஹராம், ஆகவே வங்கிக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று உங்களிற் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். வட்டிக்குக் கடன்படுவது பெரும்பாவம் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் 279 ஆம் வசனம் வட்டியைக் கைவிடச் சொல்லும் அதே இடத்தில், முதல் அதன் சொந்தக்காரருக்கே உரியது என்கின்றது. பெற்ற பணம் நன்கொடையாகிவிடவில்லை. வசதியுள்ளவன் இழுத்தடிப்பதை நபி (ஸல்) அவர்கள் அநியாயம் என்றார்கள். கொடுத்தவன் முஸ்லிமா இல்லையா என்று பிரித்துச் சொல்லவில்லை. 2005 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின் நம் நாட்டில் இஸ்லாமிய முறையிலான நிதிச் சேவைகளுக்கு வழி திறந்தது. 2011 இல் அமானா வங்கி தொடங்கியது. முடிந்தவர்கள் அப்பக்கம் செல்லுங்கள். ஆனால் ஹலாலான தவணையும் தவணைதான்; அதைத் தவறினாலும் அறிவித்தல் வரும்.

வட்டியைப் பற்றிப் பேசும் நாம் வீட்டுக்குள்ளிருக்கும் வட்டியைக் காண்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒற்றி என்பது பழைய வழக்கம். 1707 இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமையிலேயே அது உண்டு: கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பான். இன்று கடைக்கும் வீட்டுக்கும் அதே முறை நடக்கின்றது. பல இலட்சத்தைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, பின்னர் முழுப் பணத்தையும் திரும்பப் பெறுகின்றார்கள். கடனைக் கொண்டு பெறும் பயன் வட்டியே என்ற பிக்ஹு விதியின் முன் இது எப்படி நிற்கும்? வங்கியிற் கணக்கு வைக்கவே அஞ்சுகின்ற பெரியவர்கள் ஒற்றி வீட்டில் நிம்மதியாக உறங்குகின்றார்கள். இதைச் சொன்னாற் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஒற்றியினும் ஆபத்தானது, மீட்கும் நிபந்தனையோடு எழுதப்படும் விற்பனை உறுதி. அவசரத்துக்குத் தனியாரிடம் பணம் பெறுவோர் ஈட்டு உறுதி எழுதாமல் காணியை விற்பதாகவே எழுதிக் கொடுக்கின்றார்கள். இன்ன காலத்துள் பணம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவதாக ஒரு வாசகம் சேர்க்கப்படும். நாள் தவறினாற் காணி போய்விடும், ஏலமுமில்லை, மிச்சமுமில்லை. ஈட்டுப் பொருள் கடன் கொடுத்தவனுக்குச் சொந்தமாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அடைத்த வாசலை, பேனையைக் கொண்டு திறந்துவிடும் வேலை இது. இதில் அகப்பட்டவர்களுக்கு 1941 ஆம் ஆண்டின் கடன் இணக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் இணக்கச் சபை இருக்கின்றது. ஆனால் மீட்புக் காலம் முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். நொத்தாரிசின் முன் ஒப்பமிடும்போதே அந்நாளை நாட்காட்டியிற் குறித்து வையுங்கள்.

பெற்றோர்களே, முக்கியமாகத் தாய்மாரே. வீடு உங்கள் பெயரில் இருக்கும். கடன் மகனுக்கோ மருமகனுக்கோ. உம்மா, ஒரு கையெழுத்துத்தான் என்பார்கள். 2006 இல் ஹட்டன் நஷனல் வங்கி சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் இத்தகைய நிலையை ஆராய்ந்தது. கடன் பெறாத மூன்றாமவர் ஈடு கொடுத்த காணியைப் பராட்டே முறையில் விற்க முடியாது, வழக்குத் தொடுக்கவே வேண்டும் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். பின்னைய தீர்ப்புகள் கம்பனிப் பணிப்பாளர்கள் விடயத்தில் அதற்கு விலக்குக் கண்டன. ஆகவே உங்கள் நிலை எதுவென்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டே அறிய வேண்டும். எவ்வாறாயினும் வழக்கு நடந்து வங்கி வென்றால் வீடு போகும்.

இதற்கு நமது பிக்ஹில் ஓர் அழகான நிபந்தனை உண்டு. பிறர் கடனுக்காகத் தன் பொருளை ஈடு வைக்கக் கொடுப்பவரிடம், அது எவ்வகைக் கடன், எவ்வளவு, எப்படிப்பட்டது, யாரிடம் ஈடு வைக்கப்படுகின்றது என்பவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று மின்ஹாஜ் கூறுகின்றது. தாயிடம் கையெழுத்து வாங்கும் எத்தனை பிள்ளைகள் இந்நான்கையும் சொல்கின்றார்கள்? தாய்மாரே, இவற்றைக் கேளுங்கள். கேட்பது மகன் மீது நம்பிக்கையின்மையன்று. ஷரீஅத் உங்களுக்குத் தந்த உரிமை. சொத்து உங்களுடையது, கணவரானாலும் உங்கள் சம்மதமின்றி அதை ஈடு வைக்க முடியாது. வங்கி அனுப்பும் அறிவித்தல்களின் ஒரு பிரதி உங்களுக்கும் வர வேண்டுமென்று ஒப்பமிடும் நாளிலேயே எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக, முகவரி. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சமூகத்தவர், காணி உறுதிகளைக்கூட எடுத்துச் செல்ல முடியாமற் போனார்கள். அன்று தொடங்கிய சிதறல் இன்னும் முடியவில்லை. ஒரே குடும்பத்தில் தகப்பன் இங்கே, தாயும் பெண்மக்களும் புத்தளத்தில், மகன் கட்டாரில். வங்கியோ உறுதியில் எழுதிய முகவரிக்குத்தான் கடிதம் அனுப்பும். பூட்டிய கேற்றினடியில் அக்கடிதம் மழையில் நனைந்து கிடக்க, இங்கே நாட்கள் கழிந்துபோகும். கடிதம் கிடைக்கவில்லை என்பது பின்னர் பெரும்பாலும் வாதமாக எடுபடுவதில்லை. உறுதி கைவசமில்லாதவர்கள் காணிப் பதிவகத்திற் பிரதி பெறலாம். தங்கள் காணியின் மீது என்ன ஈடு பதிவாகியுள்ளதென்பதையும் அங்கேயே தேடிப் பார்க்கலாம். இடம் மாறியவர்கள் இந்த வாரமே வங்கிக்குப் புதிய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுத்தில் அறிவித்து, பிரதியில் கிளையின் முத்திரையைப் பெற்றுக் காணி உறுதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அம்முகவரி வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும்.